பாட்டு நம்முடையது, மேடை யாருடையது?

சனி, ஞாயிறு இரவானால் தாம்பரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் பெருங்களத்தூரிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரே ஓசைதான் கேட்கிறது. டெலிவிஷனில் ஏதோ ஒரு குழந்தை பாடுகிறது. ஷிப்டு முடித்து வந்த அண்ணன் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து கேட்கிறார். படப்பைப் பக்கத்துக் குடிசையில், நாற்று நட்டு இடுப்பு ஒடிந்த அக்காவும் அதே குழந்தையைத்தான் கேட்கிறார். பாட்டு முடிகிறது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இங்கே இவர்களும் துடைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் பார்த்து ஏளனம் செய்கிற படித்தவர்கள் உண்டு. பொழுதை வீணாக்குகிறார்கள் என்று பேசுகிறார்கள். அந்த ஏளனம் நமக்கு வேண்டாம். உழைக்கிற ஜனங்கள் எதற்காகக் கண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்காதவனுக்கு அவர்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? தோழர்களே, அந்தக் கண்ணீர் உண்மையானது. அந்தக் கண்ணீரை வைத்து நடக்கிற வியாபாரமும் உண்மையானது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கடலைத் தாண்டி வந்த குரல்

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜீ தமிழ் டெலிவிஷனில் நடந்த 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் இலங்கையிலிருந்து இரண்டு சிறுமிகள் வந்து பாடினார்கள். ஒருத்தி கில்மிஷா, யாழ்ப்பாணத்து அரியாலையைச் சேர்ந்தவள். இன்னொருத்தி அசானி, மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவள். டிசம்பரில் நடந்த இறுதிப் போட்டியில் கில்மிஷா முதற் பரிசு பெற்றாள். யாழ்ப்பாணம் வீதிக்கு வந்து அவளை வரவேற்றது. இங்கே தாம்பரத்திலும் தன் வீட்டுப் பெண் ஜெயித்தது போல மகிழ்ந்தவர்கள் ஏராளம்.

இதற்கு முன்பும் ஒரு முறை இது நடந்தது. 2015இல் விஜய் டெலிவிஷனின் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' நான்காவது போட்டியில் கனடாவிலிருந்து வந்த ஈழத்துச் சிறுமி ஜெசிக்கா இரண்டாம் இடம் பெற்றாள். பரிசாக அறிவிக்கப்பட்ட ஒரு கிலோ தங்கத்தை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கே கொடுத்துவிடுவதாக அந்தக் குடும்பம் மேடையிலேயே சொன்னது.

போர் சிதறடித்த ஒரு ஜனசமூகம் இது. ஒரு பகுதி யாழ்ப்பாணத்தில், ஒரு பகுதி தமிழ்நாட்டு முகாம்களில், ஒரு பகுதி டொரொண்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும். இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டு, 'இது நம்முடையது' என்று சொல்ல முடிந்ததே, அது சாமானிய விஷயமா? விசாவும் பாஸ்போர்ட்டும் எழுப்பிய சுவரைப் பாட்டு தாண்டிவிட்டது.

இன்னொரு சுவரும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் இடையே உள்ள சுவர் அது. ஒரே மொழி பேசினாலும் தோட்டத் தொழிலாளியை 'தோட்டக்காட்டான்' என்று இழித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோது அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த தமிழ்த் தலைவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இரண்டு மண்ணின் பிள்ளைகள் ஒரே மேடையில் நின்று பாடினார்கள். இரண்டு பேருக்கும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலில் ஒரு நியாயம் இருந்தது.

அதே ஆண்டில் நாம் பார்க்காதது

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு மலையக மக்களுக்கு வேறொரு காரணத்தாலும் முக்கியமான ஆண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட விவசாயக் கூலிகள் வெள்ளைக்காரத் துரைமாரின் காப்பித் தோட்டங்களுக்கு நடத்திச் செல்லப்பட்டு 200 ஆண்டு நிறைந்தது அப்போதுதான். அந்த முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்து, ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் கால்நடையாக ஊர்வலம் போனார்கள். நிலம் வேண்டும், வீடு வேண்டும், சம உரிமை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

அந்த நடையை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? எந்த டெலிவிஷன் அதை இரவு எட்டு மணிக்குக் காட்டியது? எந்த நடுவர் அதைக் கண்டு கண் கலங்கினார்?

தோட்டத் தொழிலாளி நாளொன்றுக்கு 1,000 இலங்கை ரூபாய் கேட்டுப் பல வருஷம் போராடினார். 2021இல்தான், 900 ரூபாய் அடிப்படைக் கூலி, 100 ரூபாய் படி என்று அது அரசாங்க உத்தரவாக வந்தது. அதையும் எதிர்த்துத் தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று ஆட்டு மந்தையைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நீலகிரியில் கொழுந்து பறிக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துச் சிறுமியின் குரல் நம் வீட்டுக்குள் வந்தது. அவள் ஊர்க்காரர்களின் கூலிக் கணக்கு வரவில்லை. குரலை விற்றால் விளம்பரம் கிடைக்கும். கூலிக் கணக்கைக் காட்டினால் எந்த விளம்பரக்காரன் வருவான்?

அரபு மக்களின் கதையும் இதுதான்

நமக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். அரபு மொழி பேசும் ஜனங்கள் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள். 2003இல் லெபனானின் ஃபியூச்சர் டெலிவிஷன் 'சூப்பர் ஸ்டார்' என்ற பாட்டுப் போட்டியை நடத்தியது. ஜோர்டான் பெண் டயானா கராசோன் அதில் ஜெயித்தார். மன்னராட்சி நடக்கும் நாடுகளின் ஜனங்கள்கூடத் தொலைபேசி வழியே வாக்களித்தார்கள்.

பிறகு 2013 ஜூனில் 'அரப் ஐடல்' போட்டியில் முகம்மது அசாஃப் என்ற பாலஸ்தீன இளைஞர் முதற் பரிசு பெற்றார். காசாவின் கான் யூனிஸ் அகதி முகாமில் வளர்ந்தவர் அவர். எல்லையில் தடை, சோதனைச் சாவடி எல்லாம் கடந்து கெய்ரோவில் குரல் தேர்வு நடந்த ஓட்டலுக்கு வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார். அங்கே காத்திருந்த இன்னொரு பாலஸ்தீனர், 'என்னைவிட நீ நன்றாகப் பாடுவாய்' என்று தன் எண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் ஜெயித்த இரவில் காசாவிலும் மேற்குக் கரையிலும் அகதி முகாம்களிலும் ஜனங்கள் தெருவுக்கு வந்து ஆடினார்கள். இரண்டு கட்சிகளாக, இரண்டு ஆட்சிகளாகப் பிளந்து கிடந்த ஒரு ஜாதி மக்கள், ஒரு பாடகனால் ஓர் இரவு ஒன்றானார்கள்.

அதன் பிறகு? 2023 அக்டோபருக்குப் பின் காசா மீது நடந்த போரில் அதே கான் யூனிஸ் இடிபாடாக்கப்பட்டது. அசாஃபுக்கு வாக்களித்த உலகம் குண்டு வீச்சை நிறுத்தவில்லை. அந்தப் போட்டியை ஒளிபரப்பிய எம்.பி.சி. சவூதி மூலதனத்தில் நடக்கும் கம்பெனி. அதன் கல்லாவுக்கு ஒரு சேதமும் இல்லை.

பாட்டு ஒரு மக்களைத் தங்களையே தாங்கள் அடையாளம் கண்டுகொள்ளச் செய்யும். அந்த அளவுக்கு அது பெரிய சக்தி. ஆனால் அடையாளம் கண்டுகொண்ட மக்கள் அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை டெலிவிஷன் கம்பெனி சொல்லித் தராது.

டார்ஜிலிங் தரும் எச்சரிக்கை

சொல்லித் தர ஆள் இல்லாத உணர்ச்சி எங்கே போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2007இல் 'இந்தியன் ஐடல்' மூன்றாவது போட்டி. கல்கத்தா போலீசில் கான்ஸ்டபிளாக இருந்த பிரசாந்த் தமாங் என்ற டார்ஜிலிங் இளைஞர் பாடினார். அவர் கூர்க்கா, நேபாளி பேசுகிறவர். டார்ஜிலிங் மலை முழுவதும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே பெரும்பாலான தொழிலாளர்கள் அவருடைய மொழிக்காரர்கள். ஊர் ஊராக ரசிகர் மன்றம் வைத்து, பணம் வசூல் செய்து, செல்பேசியில் வாக்கு அனுப்பினார்கள். அரைப் பட்டினிக் கூலி வாங்குகிற தோட்டத் தொழிலாளி ஒவ்வொரு வாக்குக்கும் காசு கொடுத்தார். செப்டம்பரில் தமாங் வென்றார்.

சில நாட்களில் டில்லி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கூர்க்காக்களைக் காவல்காரர்கள் என்று கேலி செய்து பேசினார். சிலிகுரியில் ஊர்வலம், மோதல், ஊரடங்கு உத்தரவு; ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. தமாங்குக்காக மன்றம் கட்டிய வேகத்திலேயே பிமல் குருங் அக்டோபர் மாதம் கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்ற கட்சியைத் தொடங்கினார்.

கூர்க்கா மக்களின் மனக்குறை நியாயமானது. அதை நாம் மறுக்கவில்லை. நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை பறித்தும், பட்டாளத்தில் செத்தும், 'வெளியாள்' என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் சிலிகுரித் தெருவில் அடித்துக்கொண்டவர்கள் யார்? கூர்க்காத் தொழிலாளியும் வங்காளத் தொழிலாளியும்தானே? தேயிலைத் தோட்ட முதலாளி அந்தத் தெருவில் இல்லை. செல்பேசிக் கம்பெனியும் இல்லை.

அதே போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற ஷில்லாங் இளைஞர் அமித் பால் வங்காளி. அவருக்காக ஷில்லாங்கில் பழங்குடி மக்களும் மற்றவர்களும் நெடுநாள் பகையை மறந்து ஒன்றாகக் கொடி பிடித்தார்கள். ஆக, ஒரே பாட்டுப் போட்டி ஓர் ஊரில் பகையை வளர்த்தது. இன்னோர் ஊரில் பகையைத் தணித்தது. தீ ஒன்றுதான். அது அடுப்பை எரிக்கிறதா, கூரையை எரிக்கிறதா என்பது பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது.

மேடைக்குச் சொந்தக்காரர்கள்

இனி மேடைக்கு வருவோம். 1995இல் சுபாஷ் சந்திராவின் ஜீ கம்பெனி இந்தியில் 'ச ரி க ம' போட்டியைத் தொடங்கியது. 2001இல் பிரிட்டனில் 'பாப் ஐடல்' வந்தது. அந்த அச்சில் வார்த்தவைதான் 'இந்தியன் ஐடல்', 'அரப் ஐடல்' எல்லாம். 2006இல் விஜய் டெலிவிஷன் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது. அதே ஆண்டில்தான் தமிழக சர்க்கார் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. குடிசைக்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் கடை வந்தது.

விஜய் டெலிவிஷன் யாருடையது? 2001இல் முர்டாக்கின் ஸ்டார் கம்பெனி கைக்குப் போனது. 2019இல் அமெரிக்க டிஸ்னி வாங்கியது. 2024 நவம்பரில் ரிலையன்சோடு இணைக்கப்பட்டு அம்பானியின் ஆதிக்கத்துக்குள் வந்தது. செல்பேசி இணைப்பு விற்பதும் அதே கம்பெனிக் குடும்பம். நிகழ்ச்சியைக் காட்டுவதும் அதே குடும்பம். பார்ப்பதற்கும் காசு, வாக்கு போடப் பயன்படும் இணைப்புக்கும் காசு. நடுவில் விளம்பரக் காசு வேறு.

பாட்டு எங்கிருந்து வந்தது? 2018இல் 'சூப்பர் சிங்கர்' ஆறாவது போட்டியில் புதுக்கோட்டைச் சீமையின் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி ஜெயித்தார். அவர் துணைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடினார். நாம் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதுதான். நாற்று நடும் பாட்டு, ஏற்றம் இறைக்கும் பாட்டு, சுண்ணாம்பு இடிக்கும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி இவற்றையெல்லாம் உண்டாக்கியவர்கள் பெயர் தெரியாத உழைப்பாளிகள். உடம்பு வலியை மறக்கவும், பத்துக் கை ஒன்றாக அசையவும் பிறந்தது அந்த இசை. அதைப் பாடிய ஒளிப்பதிவு இன்று கம்பெனியின் சொத்து. கிணறு வெட்டியவன் நாம். தண்ணீரைப் போத்தலில் அடைத்து நமக்கே விற்கிறான் அவன்.

குழந்தைக்கும் வேலை நேரம் உண்டு

தொழிலாளி மறக்கக் கூடாத இன்னொரு விஷயம். மேடையில் நிற்கிற குழந்தை பாடுவது நமக்கு விளையாட்டு. கம்பெனிக்கு அது உற்பத்தி. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய காலம் முதல் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய வர்க்கம் நாம். விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் குழந்தையின் வேலை நேரத்தை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

சட்டம் இருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 2017இல் விதிகள் வந்தன. 14 வயது நிறையாத குழந்தைக் கலைஞரிடம் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். படிப்பு நிற்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் பாங்கில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். இந்த விதிகள் காகிதத்தில் தூங்குகின்றனவா, ஒளிப்பதிவுக் கூடத்தில் விழித்திருக்கின்றனவா? ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் இந்தக் குழந்தை இன்று எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்று எழுதிக் காட்டச் சொல்லுவோம். பற்பசை விளம்பரத்துக்கு இடம் இருக்கும்போது இதற்கு இடம் இருக்காதா?

தோற்ற குழந்தையின் முகத்தை அருகில் கொண்டுபோய், கண்ணீர் வழியும் வரை காட்டுகிறார்களே, அதையும் கேட்க வேண்டும். கொழுந்துக் கூடையை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தால் அரை நாள் கூலி போடும் கங்காணிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யாரும் வெளியேற்றப்படாத இசை

அப்படியானால் பெட்டியை உடைத்துவிடலாமா? வேண்டாம். நல்ல குரல் எங்கிருந்து வந்தாலும் கேட்போம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மலையகத்துப் பிள்ளைக்கும் கை தட்டுவோம். ஆனால் பாட்டுக்கு அந்த ஒரு மேடைதான் கதி என்ற நினைப்பை விட்டுவிடுவோம்.

எம்.பி.சீனிவாசனை நினைத்துப் பாருங்கள். சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர் அவர். 1971இல் சென்னையில் சேர்ந்திசைக் குழு ஒன்றை ஏற்படுத்தினார். சேர்ந்திசை என்றால் என்ன? ஐம்பது பேர் ஒன்றாகப் பாடுவது. அதில் மார்க்கு இல்லை. 'இந்த வாரம் வெளியேறுகிறவர்' இல்லை. குரல் குறைந்தவரைப் பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்ளும். வேலைநிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளர் அணி போன்றது அது. 2020 முதல் நடக்கும் 'மார்கழியில் மக்களிசை' விழாவில் பறையும் கானாவும் ஒப்பாரியும் தலை நிமிர்ந்து மேடை ஏறுகின்றன. அவையும் எந்த எஜமானனின் மார்க்குக்கும் காத்திருக்கவில்லை.

நம் வட்டாரத்தில் என்ன குறை? சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அனகாபுத்தூர்த் தறிக் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டணத்திலிருந்து பெயர்த்து எறியப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வாழும் ஜனங்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டுத் துக்கத்தையே கானாவாக்கிய வம்சம் அது. அவர்களுக்கா பாட்டுப் பஞ்சம்?

இன்னும் ஒரு கூட்டமும் இங்கே இருக்கிறது. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து அசாமின் சில்காட்டுக்கும் ஜார்க்கண்டின் ஜசிடிக்கும் வண்டி போகிறது. அந்த வண்டிகளில் வந்து இறங்கியவர்கள்தான் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் காண்டிராக்ட் கூலிகளாக நம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். 200 ஆண்டுக்கு முன்னால் நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி நடந்தார்களே, அதே நிலைமையில் இவர்கள் இன்று தாம்பரத்தில் இறங்குகிறார்கள். கடல் கடந்த தமிழ்ச் சிறுமியின் பாட்டுக்கு அழுத நெஞ்சு, அடுத்த அறையில் தங்கியிருக்கும் ஒரியாக்காரனின் பாட்டுக்குச் செவி சாய்க்காவிட்டால் சிலிகுரியின் தவறை நாமும் செய்தவர்களாவோம். 'நம்மவர்' என்ற சொல்லை மொழியோடு நிறுத்தாமல் உழைப்பு வரை நீட்ட வேண்டும்.

வருகிற பொங்கலுக்கு ஒவ்வொரு சங்கமும் ஒரு பாட்டு இரவு வைக்கட்டும். டிக்கெட் வேண்டாம், நடுவர் வேண்டாம், பரிசும் வேண்டாம். நடவு வயலின் பாட்டை அறிந்த கிழவி முதலில் பாடட்டும். தறிக்காரர் பாடட்டும், கானாக்காரத் தம்பி பாடட்டும், ஜார்க்கண்டுத் தோழன் தன் தாய்மொழியில் பாடட்டும். மலையகத் தொழிலாளியின் கூலி நிலவரத்தை இரண்டு பாட்டுக்கு இடையில் ஒருவர் எழுந்து ஐந்து நிமிஷம் சொல்லட்டும்.

தோழர்களே, பாட்டு நம் வியர்வையில் பிறந்தது. அதைக் கேட்டு ஒன்றாகிற ஆற்றலும் நம்முடையது. மேடையையும் நாமே கட்டுவோம்!